டை காய்கிற நேரம்

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டால் எனக்கு உலகமே கலங்கல் தண்ணீர்தான். எதிர்ச் சுவரில் இருக்கிற பெரிய கண்ணாடியில் துணி போர்த்திக்கொண்டு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், தலையில் கருப்பாக எதையோ அப்பிக்கொண்டு. அது நானாகத்தான் இருக்க வேண்டும், இந்த சலூனில் இப்போது வேறு ஆள் இல்லை. "காயட்டுங்ணா, அசையாம உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பரமேசு பேப்பரை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விட்டார். அவர் போய் உட்கார்ந்ததும் செல் அதிர்கிறது. கண்ணாடிக்குக் கீழே பலகையில், பவுடர் டப்பாவுக்கும் சீப்புக்கும் நடுவில், என் செல் கர் கர் என்று நகர்கிறது. நின்றது. மறுபடியும். இது ஏரி குரூப்தான். காலையிலிருந்து ஏரிதான் அதிர்ந்துகொண்டிருக்கிறது. கையை வெளியே எடுத்தால் துணி விலகும், துணி விலகினால் சட்டையில் டை படும், பட்டால் ருக்மணி ஒன்றும் சொல்லமாட்டாள், ஊறவைத்துத் துவைத்துப்போடுவாள், அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். சரி, செல்லை எடுத்தேவிட்டேன் என்று வைத்துக்கொண்டாலும் படிக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி போட்டால் அதன் காம்பு ரெண்டும் காதோரத்து டையில் போய் உட்காரும். ஆக ஒன்றும் செய்வதற்கில்லை. செல் அங்கே அதிரட்டும், நான் இங்கே காய்கிறேன்.

தனபாலுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் எதையாவது ஏற்பாடு பண்ணியாக வேண்டும். ருக்மணியின் தம்பி. நல்ல பையன், பையன் என்ன பையன், அவனுக்கே முன்மண்டை காலியாகிவிட்டது. ஊட்டியைத் தாண்டி எமரால்டு பக்கம் ஏரிக்கரையை ஒட்டி மரத்தில் கட்டின கேபின்கள் இருக்கின்றனவாம். கேபின் என்றதும் நான் எங்கள் ஆபீஸில் மேனேஜர் உட்கார்ந்திருக்கிற தடுப்பு அறையைத்தான் நினைத்தேன். அப்புறம் படம் அனுப்பினான். பின்னால் ஓர் ஆறு இறங்கி வந்து ஏரியில் விழுகிறது, அந்தப் பக்கம் இன்னொரு ஏரி, நடுவில் நாம கட்டை போட்டு நெருப்பு மூட்டி உட்கார்ந்துக்கலாம் என்று குரூப்பில் எழுதினான். குரூப்புக்கு 'ஏரிக்குப் போறோம்' என்று பேரும் வைத்துவிட்டான், போறோமா என்று யாரையும் கேட்காமலே. வருகிற மாசக் கடைசியில் லீவு சேர்ந்தாற்போல வருகிறது, ஒரே ஒரு கேபின்தான் பாக்கி, மத்தியானத்துக்குள் சொல்லிவிட வேண்டும். குரூப்பில் மற்ற சொந்தக்காரர்களெல்லாம் சொல்லியாயிற்று. மற்றவர்களுக்கு என்ன, கையை வீசிக்கொண்டு வண்டி ஏறலாம். காலையில் காப்பியை ஆற்றிக் கொடுத்துவிட்டு ருக்மணி அங்கேயே நின்று படத்தை ரெண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். கேபினைப் பார்க்கவில்லை, கேபின் வாசலில் போட்டிருந்த நாற்காலியைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் விரித்தாள். பச்சைத் தண்ணீர், மேலே காற்று பட்டுச் சின்னச் சின்னச் சுருக்கம். "போலாமுங்களா?" என்றாள். அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நான் "பார்க்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம், அவளுக்குத் தெரியும், தலையை ஆட்டிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. டை அடிக்க இன்னும் நாள் இருந்தது, இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

அவள் காங்கயம் பக்கத்துக்காரி, கிணற்றில் நீச்சல் அடித்து வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் அவர்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் என்னை நிற்கவைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலிருந்து தொப்பென்று குதித்தாள். அவளைக் காணோம், காணோம், பிறகு எதிர்ப் படியோரம் தலையைச் சிலுப்பிக்கொண்டு எழுந்து "வாங்க, கழுத்தளவு தண்ணிதான்" என்றாள். சுத்தப் பொய். எனக்கு நீச்சல் தெரியாது, அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. கையில் துண்டைப் பிடித்துக்கொண்டு மேட்டிலேயே நின்றேன். அவள் படியேறி வந்தபோது உதடெல்லாம் நீலம், பல் கிட்டிக்கொண்டு சிரித்தாள், அந்தச் சிரிப்பை அப்புறம் நான் பார்த்திருக்கிறேனா, பார்த்திருப்பேன், ஞாபகம் வரவில்லை. விசாகன் பிறந்த பிறகு அவள் தண்ணீரில் இறங்கவே இல்லை. இறங்கினால் கரையில் அவனைப் பிடித்துக்கொள்ள நான் ஒருவன் போதாது.

விசாகனுக்குத் தண்ணீர் என்றால் உயிர். என் மகன். இருபதைத் தாண்டிவிட்டான், என்னைவிட ஒரு சாண் உயரம், பேச்சு மட்டும் நாலைந்து வார்த்தையோடு நின்றுபோயிற்று. டாக்டர் அதற்கு ஆட்டிசம் என்று பேர் சொன்ன அன்றைக்கு, ஏதோ வழி கிடைத்துவிட்டதென்று நான் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பேர்தான் கிடைத்தது. காலையில் எழுந்தால் பாத்ரூமில் நீலப் பக்கெட்டைக் குழாய்க்கடியில் வைத்து அதற்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், நிரம்பி வழிகிறபோது சிரிப்பான். சின்ன வயதில் கொடிவேரி அணைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பக்கத்தில் நின்றவன் கையை உருவிக்கொண்டு நடந்தான். ஓடினால்கூட நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், இவன் நடந்தான், சமையல்கட்டுக்குப் போகிறவன் மாதிரி நடந்து ஆற்றுக்குள் போனான். முட்டி, இடுப்பு, மார்பு. ஆழம் என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். அப்போது இழுக்க முடிந்தது. இப்போது முடியுமா. போன மாசம் தெருமுனையில் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சியடித்தபோது, பிடித்திருந்த என் கையோடு சேர்த்து என்னையும் இழுத்துக்கொண்டு போனான், நான் ரோட்டில் விழுந்தேன். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது, துணிக்குள் இப்போதும் அதைத்தான் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ருக்மணி வாசலில் நின்று பார்த்தாள். ராத்திரி தைலம் தேய்த்துவிட்டாள், எப்படி விழுந்தீர்கள் என்று கேட்கவே இல்லை. ஒரு குழாய்த் தண்ணீருக்கே இந்தப் பாடு. அங்கே சுவர் கிடையாது, கேபின் கதவைத் திறந்தால் தண்ணீர், பின்கதவைத் திறந்தால் ஆறு. அவன் நடப்பான். நான் பிடிப்பேன், பிடி நழுவும். ருக்மணி ஒரு நிமிஷம் நிற்கமாட்டாள், கட்டின சேலையோடு குதிப்பாள். மலைத் தண்ணீர், கை கால் விறைத்துப்போகும். முழுகுகிறவன் காப்பாற்ற வந்தவரைத்தான் பிடித்து அமுக்குவான் என்பார்கள், அவன் கனம், அவள் எலும்பும் தோலும். நான் கரையில். துண்டைப் பிடித்துக்கொண்டு. எங்கே சுற்றினாலும் இந்தத் துண்டில் வந்து நின்றுவிடுகிறது. வேறு எதையாவது நினைக்கலாம் என்று பார்க்கிறேன், பவுடர் டப்பாவை நினைக்கிறேன், நாளைக்கு ஆபீஸில் ஸ்டாக் எடுக்க வேண்டும், அதை நினைக்கிறேன், அவன் நடப்பான், நான் பிடிப்பேன்.

உச்சியில் அரிக்கிறது. சொறியக் கூடாது. முன்னாலும் டை அடித்துக்கொண்டுதான் இருந்தேன், அரிப்பென்று போனபோது தோல் டாக்டர் என் மண்டையைப் பார்த்துவிட்டு இந்த வயசில் எதுக்குங்க டை என்று கேட்டார், நானும் ஆமாம் என்று விட்டுவிட்டேன். மெல்ல வெளுத்தது. எனக்கு என்னவோ பிடித்துத்தான் இருந்தது, எங்கள் அப்பா மாதிரி இருந்தேன். விசாகன்தான் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தான், தட்டை நான் வைத்தால் சாப்பிடமாட்டான். ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்து வாசலில் நிற்கிறேன், ரெண்டு கையாலும் என்னைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். சாத்திவிட்டு உள்ளே நின்று "அப்பா, அப்பா" என்று கூப்பிடுகிறான். வெளியே நிற்கிற என்னைத் துரத்திவிட்டு, உள்ளே நின்று என்னைத் தேடுகிறான். "நான்தான் சாமி, நான்தான்" என்று கதவைத் தட்டுகிறேன், தட்டத் தட்ட அவனுக்கு அழுகை அதிகமாகிறது. அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. மறுநாள் பரமேசிடம் வந்து உட்கார்ந்தேன். வீட்டு வாசலில் கருப்பாகப் போய் நின்றதும் விசாகன் கையை நீட்டி முன்முடியைப் பிடித்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். "அப்பா" என்றான். முடிந்தது. அதிலிருந்து மாசாமாசம் இந்த நாற்காலிதான், அரித்தால் அரிக்கட்டும். ஆபீஸில் என்னைப் பார்த்து, சென்னியப்பன் சாருக்கு மட்டும் வயசு பின்னாடி போகுது என்கிறார்கள். தனபால் பந்தியில் எல்லார் முன்னாலும் மச்சானுக்குப் பொண்ணு பார்க்கலாமா என்றான். நானும் பாரேன் மாப்பிள்ளை என்று சிரித்துவைத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது. எனக்குப் பயமெல்லாம் வேறு. ஆஸ்பத்திரியில் ஒரு மாசம் படுத்தால் போதும், அடியிலிருந்து வெள்ளை கிளம்பிவிடும். அவனைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நிறுத்துவார்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான் அங்கே கிடக்க, இன்னும் எங்கேயோ இருக்கிற கருப்பு முடிக்காரனைக் கூப்பிடுவான்.

செல் மறுபடியும் அதிர்கிறது, இந்தத் தடவை விடாமல், ஒன்றன்பின் ஒன்றாக. பலகை விளிம்புக்கு வந்துவிட்டது போலிருக்கிறது, பரமேசு எழுந்து வந்து பிடித்துக்கொண்டார். "விழப் பார்த்துதுங்ணா." எனக்கு என்ன தோன்றிற்றோ, "அதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா பரமேசு?" என்றேன். அவரிடம் மறைக்க ஒன்றுமில்லை. விசாகன் சலூன் நாற்காலியில் உட்காரமாட்டான் என்று வீட்டுக்கே வந்து, பாத்ரூம் தரையில் அவன் பின்னால் குந்தி, அவன் பக்கெட்டில் அளைந்துகொண்டிருக்கும்போதே முடி வெட்டிவிடுகிறவர், பேன்ட் எல்லாம் ஈரமாகப் போவார். கையைத் துடைத்துக்கொண்டு ரேடியோ செய்தி மாதிரி படித்தார். "தனபாலுன்னு வருதுங்ணா. 'மச்சான், கேபின்காரர் மறுக்காவும் கூப்பிட்டுட்டார், என்ன சொல்லட்டும்?' கேள்விக்குறி நிறையப் போட்டிருக்காருங்க. கீழ ஏரிப் படம். இது ஆறு, நுரையா வருதுங்ணா, நல்ல இடமாத் தெரியுது. 'அக்கா, நீயும் வரோணும், நீ எங்க போயிருக்கற இத்தனை வருஷத்துல?' அப்புறம்…" நிறுத்திவிட்டார். "படிங்க பரமேசு." இப்போது செய்திக் குரல் இல்லை. "'விசாகனை நினைச்சுக் கவலைப்பட வேண்டாம். இந்த மாதிரிப் பசங்களைப் பார்த்துக்கற இடம் ஒண்ணு இருக்குது. நல்லவங்க. நானே நேர்ல போய்ப் பார்த்துட்டேன். ரெண்டு நாள் விட்டுட்டு வரலாம். தப்பா நினைச்சுக்காதீங்க மச்சான்.' கும்பிடற கை போட்டிருக்காருங்க."

நேரில் போய்ப் பார்த்துவிட்டானாம். எப்போது போனான். ரெண்டு நாளைக்கு விட யாராவது நேரில் போய்ப் பார்ப்பார்களா. எத்தனை நாளாக இது அவர்களுக்குள் ஓடுகிறது, ஏரி முதலில் வந்ததா அந்த இடம் முதலில் வந்ததா. கோபம் வருகிறது, துணிக்குள் கை இறுகுகிறது, மணிக்கட்டு சுரீரென்கிறது, கோபம் அதோடு போய்விடுகிறது. அவன் மேல் என்ன தப்பு. நான் விழுந்ததை ருக்மணி சொல்லியிருப்பாள். அந்த இடத்தில் விசாகனுக்கு நீலப் பக்கெட் வேண்டுமென்று யாருக்குத் தெரியும். சாதத்தைப் பிசைந்து உருட்டி அவன் கையில் வைத்தால்தான் சாப்பிடுவான் என்று யாருக்குத் தெரியும். அடிப்பார்களா. அடிக்கமாட்டார்கள், நல்லவர்கள் என்று போட்டிருக்கிறானே. நல்லவர்கள் என்றால் பாத்ரூமைப் பூட்டிவைப்பார்கள், தண்ணீரில் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று நல்ல எண்ணத்தில் பூட்டிவைப்பார்கள். அவன் பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். நான் ஏரிக்கரையில் நாற்காலி போட்டுக் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பின்னால் ஆறு விழுகிற சத்தம், விடாமல் பக்கெட் நிரம்பி வழிகிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு எப்படித் தூங்குவது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் ருக்மணி தலையை ஆட்டிவிட்டு டம்ளரைக் கழுவப் போவாள். சரி என்றால் அவனை விட்டுவிட்டு வர வேண்டும். அவனையும் கூட்டிக்கொண்டு போனால் அவன் நடப்பான், நான் பிடிப்பேன். மூன்றில் எதையும் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. "என்ன போடட்டுங்ணா?" என்று பரமேசு செல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "இருங்க" என்கிறேன். "பார்க்கலாம்னு போடட்டுங்களா?" "ஐயோ, அதை மட்டும் போட்டுடாதீங்க." நெற்றியில் ஒரு சொட்டு டை இறங்குகிறது, அவர் குனிந்து துடைத்துவிடுகிறார், அதற்குள் அவர் கையிலேயே செல் அதிர்கிறது. "அக்கா போட்டிருக்காங்க" என்றார். "என்னன்னு?" "'அந்த இடத்து நம்பரை எனக்கு அனுப்பு தனபால்.'" "அவ்வளவுதானா?" "அவ்வளவுதாங்ணா. பொம்மை ஒண்ணும் போடலை." கொஞ்சம் கழித்துத் தனபால் போட்டதை அவரே படித்தார். "'அக்கா, மச்சான், ரெண்டு பேரு. கேபின் சொல்லியாச்சு.'" கேபின் ஆயிற்று. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"வாங்க, அலசிரலாம்." குழாயடித் தொட்டியில் தலையைக் குனிந்துகொண்டேன். தண்ணீர் பிடரியில் விழுந்து காதுக்குள் நுழைந்து உலகத்துச் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று, தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். இதற்காகத்தான் அவன் பக்கெட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானோ என்னவோ. தொட்டியில் கருப்பாக ஓடுகிறது, வெளுக்கிறது, தெளிகிறது. நம்பரை அனுப்பு என்றாளே, கோபமாகச் சொன்னாளா, திட்டுவதற்கா, விசாரிப்பதற்கா, ஒரேயடியாகவா. எழுத்தில் ஒன்றும் தெரிவதில்லை. பரமேசு துண்டால் தலையைத் துவட்டிவிட்டார், கண்ணாடியை மாட்டினேன். கருகருவென்று ஒரு தலை, அதற்குக் கீழே என் அப்பாவின் கழுத்து. "சரியா இருக்குதுங்களா?" என்றார். இருக்கிறது என்றேன். தெருவில் வெயில் ஏறிவிட்டது. நடந்து போகிறபோது வாய்க்குள் பேச்சைத் தயார் பண்ணினேன், என்னைக் கேட்காம எப்படி என்று ஆரம்பிக்க வேண்டும், என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்ற இடத்தில் அது நின்றுவிட்டது, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன், வீடு வந்துவிட்டது.

கதவைத் திறந்தவன் விசாகன்தான், முழங்கை வரைக்கும் ஈரம். என்னை மறித்துக்கொண்டு நின்றான். ஈரக் கையை நீட்டி முன்முடியைப் பிடித்தான். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். ஒரு தரம் இழுத்தான். "அப்பா" என்றான். அவன் தோளுக்குப் பின்னால் ருக்மணி செல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், முகம் வீங்கியிருக்கிறது, அழுதிருக்கிறாள். "பேசிட்டேனுங்க" என்றாள். "ரெண்டே நாள்தான். மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்குதில்லைங்க, அதுக்குள்ள நாம அவனைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு தடவை காட்டிட்டு வந்துரலாம். பக்கெட்டை எடுத்துட்டு வரலாமான்னு கேட்டேன், எடுத்துட்டு வாங்கன்னு சொன்னாங்க." என் மணிக்கட்டைப் பார்த்தாள். "அன்னைக்கு நீங்க ரோட்டுல விழுந்தப்ப நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன். நாம இருக்கறப்பவே கொஞ்சம் பழகட்டுமுங்க." குரல் உடைந்துவிட்டது, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஏரில நான் ஒண்ணும் குதிக்கப் போறதில்லை, பயப்படாதீங்க. காலை நனைச்சுட்டு உக்காந்திருக்கறேன். நீங்க துண்டைப் புடிச்சுட்டுப் பக்கத்துல இருங்க, போதும்." சரி என்றேனா, தலையை ஆட்டினேனா, முடி அவன் கையில் இருக்கும்போது எப்படி ஆட்டியிருப்பேன். அவள் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிளம்பறதுக்கு முந்தின நாள் இன்னொருக்கா டை அடிச்சுக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"திரும்பிப் போய்க் கூப்பிடறப்ப அவனுக்கு உங்களை அடையாளம் தெரியோணுமில்லைங்க."

விசாகன் இன்னும் என் முடியை விடவில்லை. அவனாக விடட்டும் என்று நான் குனிந்தே நின்றேன்.